கல்லறைக் கோவிலில் வாசித்த பெயர்

போன கிழமை காற்றடித்த அன்று பின்னேரம் எங்கள் வீதி முழுக்க மின்சாரம் போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவள் அப்போது வேலையில். மெழுகுதிரி தேடிச் சமையலறையின் கடைசி லாச்சியைக் கிளறினேன். பழைய பற்றரிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், சாப்பாட்டுக் கடைகள் சும்மா தந்த சோயா சோஸ் பைக்கற்றுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டு மெல்லிய திரிகள் கையில் தட்டுப்பட்டன. எண்ணத் தேவையில்லை, முப்பத்துமூன்று இருக்கும். யேசுநாதர் வாழ்ந்த ஆண்டுக்கு ஒன்றாக எருசலேமில் அப்படித்தான் கட்டி விற்கிறார்கள். எல்லாத் திரிகளின் நுனியும் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒருமுறை கொளுத்தி அணைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். மகள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஏன் இவ்வளவு பர்த்டே கான்டில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யாரோ தந்தது என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்கத் தொடங்கினால் பாதியில் மின்சாரம் வந்துவிடும், அவளும் எழும்பிப் போய்விடுவாள்.

அவள் அங்கால் போனபிறகு கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். தேன்மெழுகும் பழைய புகையும். அந்த மணத்தோடு ஸ்ரெல்லா அக்காவும் வந்துவிட்டார். அவரை நினைக்காமல் இருக்கத்தான் அந்தக் கட்டை அவ்வளவு அடியில் வைத்தேனோ தெரியாது.

எருசலேமுக்குப் போன அந்த யாத்திரையில் நான் கொண்டுவந்தவற்றில் இது ஒன்றுதான் மிஞ்சியது. மெழுகு என்பதால் தப்பியது. நாங்கள் இருபத்தெட்டுப் பேர் போனோம். திரும்பி வந்தபோது ஆக்லாந்து விமான நிலையத்தில் அநேகமாக எல்லோருமே குற்றவாளிகள். ஒருவர் ஒலிவ மலையில் முறித்த கிளையைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தார். ஒருவர் பெத்லகேம் மண்ணைப் பவுடர் டப்பாவில் அடைத்திருந்தார். இந்த நாட்டுக்குள் விதையும் மண்ணும் இலையும் வரக் கூடாது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் புனித மண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எங்கள் ஆட்கள் எப்படியோ முடிவு செய்திருந்தார்கள். அங்கே நின்ற அதிகாரி நல்ல பொறுமைசாலிப் பெண். ஒவ்வொருவருடைய பிரசங்கத்தையும் முழுக்கக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டார். என் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த கலிலேயா மண்ணைக்கூட மருந்து போட்டுக் கழுவித்தான் திருப்பித் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற ஸ்ரெல்லா அக்காவிடம் அறிவிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவரை நேரே போகச் சொல்லிவிட்டார்கள்.

அக்காவை எனக்கு ஆக்லாந்தில் விரி என்கிற தொழிற்பேட்டைப் பக்கத்தில் பழக்கம். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், படித்த படிப்பைச் சூட்கேசில் வைத்துப் பூட்டிவிட்டு, விரியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். அவர் பொதியிடும் மேசையில் வேலை. மன்னார்க்காரி, அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும், மகள் கூப்பிட்டு வந்தவர். அவருடைய மீன்குழம்பு மதியத்தில் மைக்ரோவேவுக்குள் ஏறினால் அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் சிகரெட் பிடிக்க வெளியே போவார்கள், சிகரெட் பிடிக்காதவர்களும் போவார்கள். நான் மட்டும் சோற்றுக் கோப்பையோடு அவர் மேசைக்குப் போவேன். பிறகு எனக்கு எல்லர்ஸ்லியில் குளிரூட்டிய அலுவலகத்தில், கழுத்தில் அட்டை தொங்கும் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகும் ஞாயிறு தமிழ்ப் பூசையில் கண்டால், ஒரு டப்பாவைக் கையில் திணிக்காமல் விடமாட்டார்.

அவருக்கு ஒரு மகனும் இருந்தான். இருக்கிறான் என்று சொல்லவேண்டும், அக்கா அப்படித்தான் சொல்வார். பெயர் நிமல். போரின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக இராணுவத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கேனைத் தூக்கிக்கொண்டு போனவன் வரவில்லை. பத்தொன்பது வயது. வரிசையில் நின்றதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார். பஸ்ஸில் ஏறினதைக் கண்டேன் என்று இன்னொருவர் சொன்னார். உடலைக் கண்டேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இருந்தார். மன்னாரில் இருந்த தம்பியார் வருசா வருசம் கேட்பார், பெடியனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி எழுதுகிற வேலையை முடிக்கலாம் என்று. அக்கா போனை வைத்துவிடுவார். நவம்பர் மாதத்தில் எங்கள் பூசையில் வீட்டுக்கு வீடு இறந்தவர்களுடைய பெயர் வாசிப்பது வழக்கம். அக்கா தன் கணவர் மரியதாஸின் பெயரைக் கொடுப்பார், அவர் நெஞ்சுவலியில் போய்க் கனகாலம். நிமலுடைய பெயரையும் கொடுத்தால் என்ன என்று நல்லெண்ணத்தில் யாரோ ஒருமுறை கேட்டுவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆன்ம இளைப்பாற்றி வாசித்தால் அதுவே அவனுக்குச் சாபமாகிவிடும் என்று சொல்லி, அந்த ஆளோடு இரண்டு வருசம் கதைக்காமல் இருந்தார்.

இனி என்னுடைய பெருமைக்கு வருகிறேன். எனக்குக் கையெழுத்து அழகு. சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் மூன்று பேர் சேர்ந்தால் நாலு சங்கம், அந்த நாலுக்கும் நான்தான் செயலாளர். யாத்திரைக் குழுவுக்கும் அப்படித்தான் ஆனேன். புனித இடத்துக்குப் போகிறவரிடம், போக முடியாதவர்கள் தங்கள் வேண்டுதலைத் துண்டில் எழுதிக் கொடுத்து விடுவது எங்களில் உண்டு. அது ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையச் சேர்ந்தது. முழங்கால் நோவு, மோட்கேஜ், மகளுக்குச் சம்பந்தம், மைத்துனருக்கு விசா. என்னோடு வேலை செய்த ஒரு சைவக்காரர்கூட ஒரு துண்டு தந்தார். பிள்ளையாரிடமும் சொல்லித்தான் இருக்கிறது, எதற்கும் உங்கள் ஆளிடமும் ஒரு சொல் போட்டு வையுங்கள் என்றார். எருசலேமில், யேசுநாதரை அடக்கம் செய்த கல்லறைக் கோவிலில் எங்கள் ஃபாதர் வைக்கப்போகும் பூசைக்கு உயிரோடிருப்பவர்கள் ஒரு பட்டியல், இறந்தோர் ஒரு பட்டியல் என்று பெயர்களை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

ஸ்ரெல்லா அக்கா எங்களோடு வந்தவர்தான், என்றாலும் துண்டு தந்தார். பண்டகசாலையில் பெட்டியில் ஒட்டுகிற லேபிளின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள். மேலே மரியதாஸ். கீழே மரியதாஸ் நிமல்.

"மேல இருக்கிறது அவர். கீழ இருக்கிறது பிள்ளை. தெரியுந்தானே தம்பி?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

எரிகோ நகரிலிருந்து பெத்லகேமுக்கு வருகிற பஸ்ஸில், மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு துண்டுகளை இரண்டாகப் பிரித்தேன். வலப்பக்கம் இருப்பவர்கள், இடப்பக்கம் இறந்தவர்கள். அக்காவின் துண்டு வந்தது. மரியதாஸ் என்று கண்டதும் இடப்பக்கம் வைத்தேன். விடுதிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, நல்ல தாளில், நல்ல பேனையால், கோடு போட்டு எழுதினேன். கையெழுத்து அழகாக உள்ளவனிடம் இப்படியான வேலையைக் கொடுக்கக் கூடாது, அவன் எழுத்தைத்தான் பார்ப்பான். நிமல் என்ற பெயரை நான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக, சுழி சரியாக வருகிறதா என்று பார்த்து எழுதியிருக்கிறேன். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. மறந்துபோய்ச் செய்தேனா, அல்லது அவன் செத்துப்போனான் என்று மனதுக்குள் எப்போதோ முடிவு கட்டியிருந்ததால் கை தடுமாறவில்லையா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் இருட்டோடு பஸ் ஏறி எருசலேம் பழைய நகருக்குப் போனோம். கல்லறைக் கோவிலில் ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணித்தியாலம்தான், எங்கள் முறை விடியப்புறம். கடைகளின் தகரக் கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன. எள்ளுத் தூவிய வளைய ரொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஒருவர் கொண்டு போனார், அந்த வாசனை சந்து முழுக்க நின்றது. மழை பெய்து கல் வழுக்கிக் கிடந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போதுதான் தான் எதற்கு வந்தேன் என்று சொன்னார். ஓவர்டைம் செய்து செய்து இந்தப் பயணத்துக்குச் சேர்த்தவர், இவ்வளவு நாளும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

"நான் சுகம் கேக்க வரேல்ல தம்பி. திருப்பித் தா எண்டுகூடக் கேக்கமாட்டன். இருக்கிறானோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லட்டும். எந்த வழியாலயெண்டாலும் சொல்லட்டும்."

கட்டாயம் சொல்லுவார் அக்கா என்றேன். என் பட்டியல் அப்போது முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபாதரின் தோள்பையில் இருந்தது.

கோவிலுக்குள் நுழைந்தவுடனேயே தரையில் ஒரு நீளமான கல் இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய உடலைக் கிடத்தி, வாசனைத் தைலம் பூசிய கல் என்பார்கள். இன்றும் அதில் தைலம் மணக்கும். போகிறவர்கள் முழந்தாளிட்டு, கைலேஞ்சி, செபமாலை, பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் அதில் வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். நாங்களும் தேய்த்தோம். அக்கா கைப்பையிலிருந்து நிமலின் படத்தை எடுத்தார், பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியோடு முத்திரை அளவுப் படம். எடுத்தவர் யோசித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். செத்த உடம்பைக் கிடத்தின கல்லில் தன் பிள்ளையை வைக்கமாட்டேன் என்றார். அவருடைய கவனம் அப்படி.

கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பீடம். உயிரோடிருப்பவரை ஏன் இறந்தவர்களிடையே தேடுகிறீர்கள் என்று விடியலில் வந்த பெண்களிடம் வானதூதர் கேட்டது இந்த இடத்தில்தான் என்று ஃபாதர் இரண்டு நிமிசத்தில் பிரசங்கத்தை முடித்தார். பிறகு இருப்பவர்களுக்கான மன்றாட்டு. முழங்கால்களும் விசாக்களும் ஒவ்வொன்றாகப் போயின. சைவக்காரர் தந்த பெயரும் போயிற்று. பட்டியல் முடிந்ததும், எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அட மடையா, அவர் கேட்டது வேறு.

நற்கருணை மன்றாட்டில் இறந்தோரை நினைக்கிற இடம் வந்தது. ஃபாதர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல கணீரென்ற குரல். என் கையெழுத்தில் ஓரிடத்திலும் தடக்காமல் வாசித்தார். மரியதாஸ். மரியதாஸ் நிமல்.

அக்கா திரும்பவில்லை. அழவில்லை. அந்த முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு கையைச் சுவரில் ஊன்றி, மெல்ல மெல்ல முழந்தாளிட்டார். முன்னால் போய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம், இது பிழை என்று அந்த இடத்திலேயே கத்தியிருக்கலாம். வாசலில் அடுத்த குழு நின்றது, காவல் துறவி மணிக்கூட்டைக் காட்டினார், பூசை ஓடி முடிந்தது. இருபத்தெட்டுப் பேருடைய நெருக்கத்தில் நான் கதவோடு தள்ளப்பட்டு அந்த அறைக்கு வெளியே வந்துவிட்டேன்.

ஃபாதரைப் பிடித்து விசயத்தைச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அட, இதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க? நாளைக்குப் பூசையில சரியா வாசிச்சிடறேன். யார் உயிரோட இருக்காங்கன்னு கடவுளுக்குத் தெரியாதா?" என்றார். கடவுளுக்குத் தெரியும், ஃபாதர். அவரிடம்தானே அக்கா கேட்க வந்தவர். இது எனக்குப் பிறகுதான் தோன்றியது. அக்காவைத் தேடினேன். அவர் அந்தக் கல்லடியில் இருந்தார். நிமலின் படத்தைக் கல்லில் வைத்து, தைலத்தில் விரலைத் தொட்டு, அதன் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார். சுற்றிவர சனம், திரி விற்பவர்கள், கைபேசி வெளிச்சங்கள். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். எல்லோரோடும் சேர்ந்து வாங்கிக் கொளுத்தியிருந்த திரிக்கட்டு என் கையில் எரிந்துகொண்டே இருந்தது, யாரோ ஒரு வெள்ளைக்காரர்தான் அதை அணைத்து என் கையில் திரும்பத் தந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில்தான் வாய் வந்தது. கொண்டைக்கடலை வடையை ரொட்டிக்குள் வைத்துத் தந்திருந்தார்கள். அக்கா, அது என் பிழை, துண்டை மாற்றி வைத்துவிட்டேன், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். கோபமாக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"எழுதினது நீர்தான். எனக்குத் தெரியும். ஆனா நான் கேட்ட அண்டைக்கு, நான் கேட்ட இடத்தில வாசிச்சுப்போட்டினம். எந்த வழியாலயெண்டாலும் எண்டு நான்தானே கேட்டனான்?"

இல்லை அக்கா, இல்லை அக்கா என்றேன். சாப்பிடும் தம்பி, ஆறுது என்றார். பின்னேரம் பெத்லகேமுக்குத் திரும்பினோம். யேசு பிறந்த இடத்தில் வெள்ளி நட்சத்திரத்தைத் தொட எல்லோரும் குனிந்தார்கள், அவரும் குனிந்தார். அடுத்த நாள் ஃபாதர் சொன்னபடி இருப்பவர்கள் பக்கம் நிமலின் பெயரை வாசித்தார். அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எங்கள் ஆட்கள் என்னைத் தேற்றினார்கள். சறுக்கிய ஆனை எழும்பி நடந்துவிடும், அது யார் மேல் விழுந்தது என்பதுதான் பேச்சு. ஆக்லாந்துக்குத் திரும்பி ஐந்தாறு மாதத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஊரில் தம்பியாருக்கு அனுப்பவேண்டிய கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும், சமாதான நீதவான் ஒருவர் முன்னால் வைக்கவேண்டுமாம், கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்றார். எந்தக் கடதாசி என்று நான் கேட்கவில்லை. பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் சனிக்கிழமை காலையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் மேசை போட்டு இருப்பார், இலவசம். படிவத்தில் பெயர் நிரப்ப அக்கா என்னிடமே பேனையைத் தந்தார். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நிமலின் பெயரை இரண்டாம் தரம் நான் எழுதினேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெரியவர் சொன்னார். முத்திரை குத்திவிட்டு, அக்காவின் துயரத்துக்குத் தான் வருந்துவதாகவும் சொன்னார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ போய்விட்டது. விரிப் பண்டகசாலையில் இப்போது பெட்டிகளை இயந்திரம் அடுக்குகிறதாம், அந்த மேசைகள் இல்லை. ஃபாதர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். எங்களோடு வந்தவர்களில் நாலு பேர் இப்போது இடப்பக்கப் பட்டியலில், அதை எழுதுவது நான் இல்லை. அந்தப் புண்ணிய ஊருக்கு இங்கிருந்து குழு போவதும் நின்றுவிட்டது. அங்கேயும் தாய்மார் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் செய்தியில் காட்டுகிறார்கள். நான் எழும்பிப் போய்விடுவேன்.

இன்னொன்றும் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன் போலிருக்கிறது. பண்டகசாலையில் வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் லொக்கருக்குள் இருக்கவேண்டும். அக்காவுக்கு மட்டும் மேற்பார்வையாளர் விலக்குக் கொடுத்திருந்தார், காரணம் தெரிந்த பிறகு. அந்த இலக்கத்தை அக்கா ஊரில் கோவில், அரசாங்கக் கச்சேரி, காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகங்கள் என்று எல்லா இடமும் கொடுத்து வைத்திருந்தார். மகள் எவ்வளவோ சொல்லியும் இலக்கத்தை மாற்றவில்லை. தெரியாத இலக்கம் என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். பெரும்பாலும் யாரோ ஏமாற்றுக்காரர்கள், உங்கள் கம்ப்யூட்டர் பழுது என்பார்கள். அவர் அதையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார், குரல் மாறுமோ என்று.

இரண்டு மாதத்துக்கு முன் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து கார் நிறுத்துமிடத்தில் ஏறினோம். கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளிநாட்டு இலக்கம், பெயர் இல்லை. "ஆரோ விக்கிற ஆக்கள்" என்று சொல்லி, அதைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையை மூடி, சீற்பெல்ட்டை இழுத்துப் போட்டார். பைக்குள் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுங்கோ அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை நான் எந்த முகத்தோடு சொல்வது? சாவியைக் கையில் பிடித்தபடி, அது நிற்கும்வரைக்கும் இருந்தேன்.